நிலம் திரிந்து பாலையாதல்: ரித்விக் கட்டக்கின் திரைப்படங்களில் பிரிவு

ஆய்வுச்சுருக்கம்

வங்கத் திரைப்பட இயக்குநர் ரித்விக் கட்டக் (1925–1976) நிறைவுசெய்த முழுநீளக் கதைப்படங்கள் எட்டு. அவர் வாழ்ந்த காலத்தில் இவற்றுள் ஒன்றே பரவலான வரவேற்பைப் பெற்றது. மிகையுணர்ச்சி, நம்பத்தகாத தற்செயல் நிகழ்வுகள், கதையோடு ஒட்டாத ஒலிகள் என்பன அவர்தம் படங்களின் குறைகளாக எடுத்துரைக்கப்பட்டன. இக்குறைகள் எனப்பட்டவை, நிலத்தை இழந்த மக்களின் அனுபவத்தைச் சொல்வதற்கு அவர் தெரிந்துகொண்ட வடிவக்கூறுகளே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது. பாலை குறித்த தமிழ்ப் பொருளிலக்கணக் கருத்து இதற்கு ஒப்பீட்டுக் கருவியாகக் கொள்ளப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: ரித்விக் கட்டக், வங்கப் பிரிவினை, பாலை, நற்றாய் இரங்கல், தாய்த்தொன்மம், திரைப்பட ஒலி, ஜான் ஆபிரகாம்.

முன்னுரை

இந்தியத் திரைப்பட வரலாறு எழுதப்படும்போது 1955ஆம் ஆண்டு ஒரு எல்லைக்கல்லாகக் கொள்ளப்படுவது வழக்கம். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ வெளிவந்த ஆண்டு அது. ஆனால் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1952இல், ரித்விக் கட்டக் ‘நாகரிக்’ என்னும் தம் முதற்படத்தை முடித்திருந்தார். கொல்கத்தாவில் வேலை தேடும் இளைஞன் ஒருவனையும், படிப்படியாகச் சரியும் அவனது குடும்பத்தையும் பற்றிய அப்படம் திரையரங்கைக் கண்டது 1977இல். இயக்குநர் மறைந்த மறு ஆண்டில். கலைஞன் ஒருவனின் முதற்படைப்பு அவனது மறைவுக்குப் பின் வெளிவந்தது என்னும் இச்செய்தி, கட்டக்கின் வாழ்வு முழுமைக்கும் பொருந்துவதாக அமைகின்றது. அவரை உலகம் அறிந்துகொண்டது பெரும்பாலும் அவர் இல்லாத காலத்தில்தான்.

இன்று அவருடைய படங்கள் செவ்வியல் படைப்புகளாகப் போற்றப்படுகின்றன. எனினும் போற்றுதல் வேறு, விளங்கிக்கொள்ளுதல் வேறு. ‘வழக்கத்தை மீறியவர்’, ‘கட்டுக்கடங்காதவர்’ என்னும் அடைமொழிகள் அவரது ஆளுமையை வியக்கின்றனவேயன்றி, அவரது படைப்புமுறையை விளக்கவில்லை. எந்த வழக்கத்தை, எதன் பொருட்டு அவர் மீறினார் என்பதே கேட்கத்தக்க வினாவாகும். அவ்வினாவிற்கு அவருடைய படங்களிலிருந்தே விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

1. வாழ்வும் காலமும்

கட்டக் 1925 நவம்பர் 4இல் டாக்காவில் பிறந்தார். கிழக்கு வங்கத்தின் ஆறுகளும் படகுகளும் அவரது இளமையின் காட்சிகள். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சமும், 1947ஆம் ஆண்டின் பிரிவினையும் அவர் தலைமுறையின் இருபெரும் காயங்கள். பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் கொண்டது. பிரிவினை பல இலட்சம் மக்களை நிலமற்றவர்களாக்கியது. பிறந்த ஊர் ஒரே நாளில் அயல்நாடாகிய அனுபவத்தைக் கட்டக் தம் இருபத்திரண்டாம் வயதிற்குள் பெற்றுவிட்டார்.

இந்திய மக்கள் நாடக மன்றத்தில் நடிகராகவும் நாடக ஆசிரியராகவும் இயங்கிய பின்னரே அவர் திரைப்படத்திற்கு வந்தார். நாடகத்தைவிடத் திரைப்படம் மிகுதியான மக்களைச் சென்றடையும் என்பதே அவரது மாற்றத்திற்குக் காரணமாயிற்று. 1954இல் பண்பாட்டுப் பணி குறித்து அவர் பொதுவுடைமைக் கட்சிக்கு அளித்த ஆய்வுரை ஏற்கப்படவில்லை; அடுத்த ஆண்டில் அவர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். மும்பைத் திரையுலகில் சிறிது காலம் பணியாற்றி, பிமல் ராயின் ‘மதுமதி’ (1958) படத்திற்குக் கதை எழுதினார். அப்படம் பெருவெற்றி பெற்றது. அவ்வெற்றி திறந்த வழியில் செல்லாமல் அவர் கொல்கத்தாவிற்கே திரும்பினார் என்பது கருதத்தக்கது.

1958இல் வெளிவந்த ‘அஜாந்திரிக்’, சுபோத் கோஷின் சிறுகதையை அடிப்படையாகக் கொண்டது. பிமல் என்னும் ஓட்டுநருக்கும், ஜகத்தல் எனப் பெயரிடப்பட்ட அவனது பழைய செவ்ரோலே வாடகைக் காருக்கும் இடையிலான உறவே கதை. கார் தண்ணீர் குடிக்கும்போது தாகம் தீர்ந்தவர் எழுப்பும் ஒலி கேட்கின்றது, அது முனகுகின்றது, ஊடல் கொள்கின்றது. அஃறிணைப் பொருளைக் கேட்பனபோலவும் பேசுவனபோலவும் ஆக்கிக் கூறுதல் தமிழ்ச் செய்யுள் மரபிற்குப் புதிதன்று. கட்டக் அதனைச் சொல்லால் அன்றி ஒலியால் செய்தார். ஒலியைக் காட்சிக்கு அடங்கியதாகக் கொள்ளாமல், தனித்துப் பொருள்தரும் மொழியாகக் கையாளும் அவரது முறை இப்படத்திலேயே தொடங்கிவிடுகின்றது.

2. பாலை என்னும் ஒப்பீட்டுக் கருவி

‘மேகே டாகா தாரா’ (1960), ‘கோமல் காந்தார்’ (1961), ‘சுபர்ணரேகா’ (1962இல் எடுக்கப்பெற்று 1965இல் வெளிவந்தது) ஆகிய மூன்றும் பிரிவினை முப்படங்கள் எனத் திறனாய்வாளர்களால் ஒருங்கே குறிக்கப்பெறுகின்றன. ஆயினும் இம்மூன்றனுள் ஒன்றிலும் பிரிவினைக் கலவரம் நேரடியாகக் காட்டப்படவில்லை. எல்லைக்கோடு வரையப்பட்ட பின், புதிய இடத்தில் வாழ முயலும் குடும்பங்களே காட்டப்பெறுகின்றன. நிகழ்ச்சியை விடுத்து அதன் விளைவை மட்டும் காட்டும் இம்முறையை விளக்கப் பாலை குறித்த தமிழ்க் கோட்பாடு துணைசெய்கின்றது.

தொல்காப்பியம் பாலைக்குத் தனிநிலம் வகுக்கவில்லை. பொழுதையும் ஒழுக்கத்தையுமே கூறுகின்றது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையில் பாலை என்னும் வடிவம் கொள்ளும் எனச் சிலப்பதிகாரம் விளக்குகின்றது. இக்கருத்தின் நுட்பம் யாதெனின், பாலை என்பது வேறோர் இடத்தில் இருக்கும் நிலமன்று. வாழ்ந்த நிலமே வாழவியலாததாக மாறும் நிலை. அதன் உரிப்பொருள் பிரிதல்.

கட்டக்கின் திரைப்படங்களில் வரும் வங்கம் இத்தகையது. ஆறும் வயலும் நிறைந்த செழுநிலமே அது. ஆனால் ஓர் அரசியற் கோடு அதனைக் கடக்கவியலாத சுரமாக்கிவிட்டது. கட்டக் தமிழிலக்கணத்தை அறிந்து இவ்வாறு செய்தார் என்பது கருத்தன்று. நிலத்தின் திரிபையும் மாந்தரின் பிரிவையும் ஒரே பொருளின் இருமுகங்களாகக் காணும் நோக்கு இரண்டிற்கும் பொதுவாக உள்ளது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடும் இன்றியமையாதது. சங்கப் பாலையில் பிரிந்து சென்றவன் மீள்வான் என்னும் நம்பிக்கை உண்டு, கார்காலம் வரும். கட்டக்கின் பாலையில் மீளுதற்குரிய நிலம் வரைபடத்திலேயே இல்லை.

3. மேகே டாகா தாரா: இரங்குவார் இல்லாத பிரிவு

‘மேகம் மறைத்த விண்மீன்’ எனப் பொருள்படும் இப்படம் சக்திபத ராஜ்குருவின் கதையைத் தழுவியது. கொல்கத்தாவின் புறநகரில் அமைந்த அகதிக் குடியிருப்பு ஒன்றில் வாழும் குடும்பத்தின் மூத்த மகள் நீத்தா. அவளது உழைப்பில் அண்ணன் சங்கர் பாடகனாகின்றான். தம்பி, தங்கை ஆகியோரின் தேவைகள் நிறைவேறுகின்றன. அவள் விரும்பிய சனத், தங்கை கீதாவை மணக்கின்றான். அனைவரையும் வாழவைத்த நீத்தா காசநோய்க்கு ஆளாகின்றாள். சுருங்கக் கூறின், எந்த மொழியின் குடும்பப்படத்திலும் இடம்பெறத்தக்க கதை இது. இதனைக் கட்டக் எவ்வாறு வேறொன்றாக ஆக்குகின்றார் என்பதே ஆராயத்தக்கது.

முதலாவதாக, ஒலி. சனத்தின் அறையில் வேறொரு பெண் இருப்பதை உணர்ந்து நீத்தா படியிறங்கி வருகின்றாள். அவள் முகத்தில் அழுகை இல்லை, சொல் இல்லை. பின்னணியில் சாட்டையடியின் ஒலி எழுகின்றது. கதை நிகழும் இடத்தில் சாட்டையும் இல்லை, அடிப்பவரும் இல்லை. பின்னர், தங்கையின் திருமணத்தை ஒட்டிய இரவில் சங்கரும் நீத்தாவும் தாகூரின் பாடலொன்றை இணைந்து பாடுகின்றனர். பாடலின் முடிவில் அதே சாட்டையொலி மீண்டும் எழ, நீத்தா உடைந்து அழுகின்றாள். முதன்முறை கேட்டபோது உள்ளே விழுந்த அடி, இரண்டாம் முறை கேட்கும்போதுதான் வெளியே வலிக்கின்றது. மகளும் சனத்தும் பேசுவதைத் தாய் ஒட்டுக்கேட்கும் இடத்தில் உலை கொதிக்கும் ஒலி மிகுகின்றது. மகள் மணந்து சென்றுவிட்டால் அடுப்பெரியாது என்னும் தாயின் அச்சத்தை எந்த உரையாடலும் இவ்வளவு சுருக்கமாகக் கூறிவிட முடியாது. தாயின் கொடுமையைக் காட்டும் அவ்வொலியே அக்கொடுமைக்குக் காரணமான வறுமையையும் காட்டிவிடுகின்றது.

இரண்டாவதாக, தொன்மம். நீத்தா ஜகத்தாத்ரி வழிபாட்டு நாளில் பிறந்தவள் எனப் படம் குறிப்பிடுகின்றது. வங்க மரபில் உமை ஆண்டுதோறும் கயிலையிலிருந்து பிறந்தகம் வந்து, சில நாள் தங்கி, கணவனிடம் மீள்கின்றாள். அவள் வருகையை வரவேற்கும் பாடல்களும், அவளை வழியனுப்பும் பாடல்களும் நாட்டார் வழக்கில் நிலைபெற்றவை. மகளைப் பிரியும் தாய் மேனகையின் துயரமே அவற்றின் பொருள். உமையை அழைக்கும் அத்தகைய பாடல் நீத்தாவின் துயரக் காட்சிகளில் ஒலிக்கின்றது.

இவ்விடத்தில் தமிழ் மரபின் நற்றாய் இரங்கல் ஒப்புநோக்கத்தக்கது. உடன்போக்கில் மகள் சென்றபின் நற்றாயும் செவிலியும் புலம்புதல் பாலைத்திணையின் சிறந்த துறையாகும். மகள் விளையாடிய இடமும் வளர்த்த கிளியும் தாயின் நெஞ்சை வருத்தும். வங்கப் பாடலின் மேனகையும் தமிழ்ப் பாடலின் நற்றாயும் ஒரே துயரின் இருகுரல்கள். ஆனால் கட்டக் அமைத்த காட்சியில் இரங்கவேண்டிய தாய் இரங்கவில்லை. மழை பெய்யும் இரவில், நோயுற்ற மகளிடம் வீட்டைவிட்டுப் போய்விடுமாறு தந்தையே கூறுகின்றார். அவளால் உயர்ந்த வீட்டில் அவளுக்கு இனி இடமில்லை என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே. தாய் இரங்குமிடம் வெறுமையாக, பாடல் மட்டுமே இரங்குகின்றது. குடும்பம் இழந்த உணர்வை மரபின் குரல் நினைவூட்டுகின்றது. தொன்மத்தை இங்கு அலங்காரம் எனக் கூறவியலாது. அது கதை மாந்தர்மீது கூறப்படும் தீர்ப்பாகின்றது.

நீத்தா சேர்வது ஷில்லாங் மலைமேல் உள்ள காசநோய் மருத்துவமனை. சிறுவயதில் அண்ணனுடன் மலையில் எடுத்த நிழற்படத்தை வைத்துக்கொண்டு மீண்டும் மலைக்குச் செல்ல ஏங்கியவள் அவள். அவ்வேக்கம் நிறைவேறுகின்றது, நிறைவேறும் முறைதான் கொடியது. உமை மலைக்குத் திரும்பிவிட்டாள். தான் வாழ விரும்பியதாக அவள் கதறும் குரல் மலைகளெங்கும் எதிரொலிக்க, ஒளிப்படக்கருவி நாற்புறமும் சுழல்கின்றது. முகத்தை விட்டு நிலத்தை நோக்கும் அச்சுழற்சியால், ஒருத்தியின் அலறல் அந்நிலத்தின் அலறலாகின்றது. இதனை மிகை எனக் கூறுவோர், இதற்குமுன் இரண்டு மணிநேரம் அவள் ஒருமுறையேனும் தனக்கென எதையும் கேட்கவில்லை என்பதை மறந்துவிடுகின்றனர்.

படத்தின் தொடக்கத்தில் தெருவில் நடந்துவரும் நீத்தாவின் செருப்பு வார் அறுகின்றது. இறுதியில் சங்கர் அதே தெருவில் வேறொரு பெண்ணின் செருப்பு வார் அறுவதைக் காண்கின்றான். அவள் புன்னகைத்துவிட்டு நடக்கின்றாள். நீத்தா இறந்துவிட்டாள், நீத்தாக்கள் இறக்கவில்லை.

4. கோமல் காந்தார்: முடிந்துபோன இருப்புப்பாதை

முப்படங்களுள் நம்பிக்கையோடு முடிவது இது ஒன்றே. பிளவுபட்ட இரு நாடகக் குழுக்களைச் சேர்ந்த பிருகுவும் அனசூயாவும் காதலர்கள். மக்கள் நாடக இயக்கத்தின் உட்பூசலைக் கட்டக் இதில் நேரடியாக விமரிசித்தார். தோழர்கள் பிரிந்ததும் நாடு பிரிந்ததும் ஒன்றன் நிழலாக மற்றொன்று அமைகின்றன. இவ்விமரிசனத்தை இயக்கத்தினர் விரும்பவில்லை. படமும் வணிகத்தில் தோல்வியுற்றது.

பத்மா ஆற்றங்கரையில் இருவரும் நிற்கும் காட்சி இப்படத்தின் உயிர்நிலை. ஆற்றின் மறுகரை அவர்களது தாய்நிலம், இப்பொழுது அயல்நாடு. ஒருகாலத்தில் பிரிக்கும் குறியாக இல்லாமல் இணைக்கும் வழியாக இருந்த இருப்புப்பாதை, கரையோரத்தில் தடுப்புக்கட்டையோடு முடிந்துவிடுகின்றது. ஒளிப்படக்கருவி அப்பாதையின்மீது விரைந்து சென்று தடுப்பை அடைந்ததும் திரை இருள்கின்றது. அவ்விரைவின்போது படகோட்டிகளின் வேண்டுதற்குரல் பின்னணியில் உயர்ந்து ஒலிக்கின்றது. எல்லைக்காவலரையோ முள்வேலியையோ காட்டாமல், ஓட்டம் திடீரென நின்றுபோகும் உடலதிர்வாகவே எல்லை உணர்த்தப்பெறுகின்றது.

5. சுபர்ணரேகா: தற்செயல் என்னும் குற்றச்சாட்டு

கட்டக்கின்மீது கூறப்பட்ட குறைகளுள் தலையாயது தற்செயல் நிகழ்வுகளின் மிகுதி. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது பெரும்பாலும் இப்படமே. அகதியான ஈஸ்வர் தன் தங்கை சீதாவுடனும், தாயைப் பிரிந்த சிறுவன் அபிராமுடனும் சுபர்ணரேகா ஆற்றங்கரையில் குடியேறுகின்றான். சீதாவும் அபிராமும் வளர்ந்து காதலிக்கின்றனர். இரயில் நிலையத்தில் இறக்கும் நிலையில் கிடக்கும் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்ணைத் தன் தாய் என அபிராம் அடையாளம் காண்கின்றான். சாதி வெளிப்பட்டதும் ஈஸ்வர் காதலை மறுக்க, இருவரும் உடன்போகின்றனர். அபிராம் பேருந்து விபத்தொன்றின் விளைவாகக் கூட்டத்தினரால் அடித்துக் கொல்லப்படுகின்றான். வறுமையால் சீதா பரத்தமைக்குத் தள்ளப்படுகின்றாள். குடிபோதையில் அவளிடம் வரும் முதல் ஆள் அண்ணன் ஈஸ்வர். அவனைக் கண்ட சீதா தன் உயிரை மாய்த்துக்கொள்கின்றாள்.

இத்தொடரை இயல்புநெறியின் அளவுகோலால் அளந்தால் நம்புதற்கு அரிது. ஆனால் மாந்தர் பெயர்களைக் கருதவேண்டும். சீதா, அபிராம், அவன் தாய் கௌசல்யா என்பன காப்பியப் பெயர்கள். காப்பியத்தில் தற்செயல் ஊழெனப்படும். மேலும், எதிர்பாராமையே வாழ்வின் விதியாகிவிட்ட மக்களின் கதை இது. ஒருநாள் காலையில் தம் வீடு வேறு நாட்டில் இருப்பதை அறிந்தவர்களுக்கு நம்பத்தகாதது என ஏதும் இல்லை. அண்ணன் நுழைந்த வீடு தங்கையின் வீடாக இல்லாமலிருந்தால் அது வேறொருவனின் தங்கையின் வீடாக இருந்திருக்கும். அவ்வுண்மையைப் பார்வையாளன் தட்டிக்கழிக்க இயலாதவாறு கட்டக் தற்செயலைக் கையாள்கின்றார். ஆகவே தற்செயலே இப்படத்தின் வாதம் எனக் கொள்ளலாம்.

இப்படத்தில் நிலம் திரிதலுக்குச் சிறந்த சான்று, இரண்டாம் உலகப்போருக்குப் பின் கைவிடப்பட்ட விமான ஓடுதளம். சிறுவர் இருவரும் அதில் ஓடி விளையாடுகின்றனர். அங்கே, காளி வேடமிட்ட பகுரூபி ஒருவர் சீதாவின்முன் திடீரெனத் தோன்ற, அவள் நடுங்கிப்போகின்றாள். வேடதாரி பிழைப்பிற்காக வேடமிட்ட எளிய முதியவர்தான். ஆயினும் காக்கும் தாய், அழிக்கும் தாய் என்னும் இருநிலைகளுள் இரண்டாவது, போரின் இடிபாடுகளுக்கிடையே குழந்தையை எதிர்கொண்டுவிட்டது. படத்தின் பிற்பகுதியில் நிகழும் அனைத்திற்கும் இக்காட்சி முன்னறிவிப்பாகின்றது. இறுதியில் சீதாவின் மகன் பினு, புதிய வீட்டை நோக்கித் தாய்மாமனான ஈஸ்வரை அழைத்துச் செல்கின்றான். சிறுவனுக்கு அது நம்பிக்கை. முதியவனுக்கு அது நினைவு. ‘புதுவீடு’ என்னும் சொல் இருவருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை.

6. திதாஷ்: வற்றிய ஆறு

1971இல் வங்கதேசம் உருவானபின், கட்டக் அந்நாட்டில் ‘திதாஷ் ஏக்டி நதீர் நாம்’ (1973) என்னும் படத்தை இயக்கினார். ‘திதாஷ் ஓர் ஆற்றின் பெயர்’ என்பது அதன் பொருள். மாலோ மீனவர் குடியில் பிறந்த அத்வைத மல்லபர்மன் எழுதிய புதினத்தைத் தழுவியது அது. நிலம் திரிதல் என்பது முப்படங்களில் குறிப்பாக நின்றது; இப்படத்தில் கண்முன் நிகழ்கின்றது. ஆறு வற்றுகின்றது, மணல்திட்டு எழுகின்றது, மீனவர் குடி சிதைகின்றது. இறுதிக்காட்சியில், தாகத்தால் சாகும் பாசந்தி ஆற்றுமணலைக் கையால் தோண்டுகின்றாள். ஊறிய நீர் அவள் கைகளிலிருந்து வழிந்துவிடுகின்றது. அந்நிலையில் அவள் கண்களுக்குத் தோன்றுவது, நெல்வயலின் ஊடே ஊதியபடி ஓடிவரும் சிறுவன் ஒருவன். நெய்தல் போன்ற வாழ்வு பாலையாகத் திரிந்த அதே இடத்தில் மருதம் அரும்புகின்றது. மீனவர் குடிக்கு இடமில்லாத மருதம் அது என்பதையும் காட்சி மறைக்கவில்லை. உலகத் திரைப்பட அறநிலையம் இப்படத்தை மீட்டெடுத்தபின் புதிய தலைமுறை இதனைத் தெளிவான வடிவில் காணமுடிகின்றது.

7. ஆசிரியரும் மாணவரும்

1960களின் நடுவில் புனே திரைப்படக் கல்லூரியில் கட்டக் சிறிது காலமே பணியாற்றினார். மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் ஆகியோர் அங்கு அவரது மாணவர்கள். மூவரும் ஆசிரியரைப் போலப் படமெடுக்கவில்லை என்பதே அவ்வாசிரியரின் சிறப்பு. மணி கௌல் உணர்ச்சிப் பெருக்கை முற்றிலும் நீக்கிய வடிவத்தை நாடினார். சஹானி காப்பிய வடிவம் குறித்த சிந்தனையை வளர்த்தெடுத்தார்.

தமிழுக்கு நேர்த்தொடர்புடையவர் ஜான் ஆபிரகாம். கேரளத்தைச் சேர்ந்த இவர், வெங்கட் சாமிநாதனின் திரைக்கதையைக் கொண்டு 1977இல் இயக்கிய ‘அக்கிரகாரத்தில் கழுதை’, சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. கழுதையைக் கொன்ற ஊர் பின்னர் அதனை வழிபட முனைவதாக அமைந்த இப்படத்தில், தொன்மம் உருவாகும் முறையே எள்ளலுக்கு உள்ளாகின்றது. பேச்சற்ற பெண்ணின் பெயர் இதிலும் உமை என அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. மலையாளத்தில் அவர் எடுத்த ‘அம்மா அறியான்’ (1986), மக்களிடம் சிறுதொகையாகத் திரட்டிய பணத்தில் உருவானது. மகன் தாய்க்குக் கூறும் செய்தியாக அமைந்தது. தாய் என்னும் படிமத்தை வரலாற்றின் சாட்சியாக நிறுத்தும் முறை கட்டக்கிடமிருந்து அவர் பெற்ற கொடை எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

கட்டக்கின் இறுதிப்படமான ‘ஜுக்தி தக்கோ ஆர் கப்போ’வில் (1974) நீலகண்டன் என்னும் குடிகார அறிவாளியாக அவரே நடித்தார். உலகைக் காக்க நஞ்சுண்டவனின் பெயரை, தன்னையே காத்துக்கொள்ள இயலாதவனுக்கு இட்டது அவரது தன்னெள்ளல். காவலரின் குண்டுக்கு இரையாகும் நீலகண்டன், நெசவாளி ஒருவனின் கதையை இறுதியில் நினைவுகூர்கின்றான். பிறரோடு சேர்ந்து வேலைநிறுத்தம் செய்த அந்நெசவாளி, கைகால் மரத்துப்போகாமலிருக்க நூலின்றி வெறுந்தறியை ஓட்டுகின்றான். 1976 பிப்ரவரி 6இல், தம் ஐம்பதாம் வயதில், கட்டக் மறைந்தார்.

இவ்வாய்வால் பெறப்படுவன: கட்டக்கின் படங்களில் ஒலி காட்சியின் துணைப்பொருளாக நில்லாமல், மாந்தர் கூறாததைக் கூறும் குரலாக இயங்குகின்றது. தொன்மம் நிகழ்காலத்தைப் புகழ்வதற்கு அன்றி, அதனை அளப்பதற்குப் பயன்படுகின்றது. மிகையும் தற்செயலும் நிலமிழந்தோரின் அனுபவத்திற்கு ஏற்ற வடிவங்களாகத் தெரிந்தெடுக்கப்பட்டுள்ளன. நிலம் திரிதலும் மாந்தர் பிரிதலும் பாலையில் போலவே அவர் படங்களிலும் ஒன்றன்றி ஒன்றில்லை. அவர் மீறிய வழக்கம், துயரத்தை அளவோடும் நாகரிகத்தோடும் சொல்லவேண்டும் என்பதாகும். அத்துயரம் அளவோடு வந்ததன்று. ஆகவே அவரும் அளவோடு சொல்லவில்லை. புலம்பெயர்வும் நிலமிழப்பும் தமிழிலக்கிய ஆய்வின் முதன்மைப் பொருள்களுள் சிலவாக வளர்ந்துள்ள இக்காலத்தில், திரைப்படத்தையும் திணைநோக்கில் பயில்வதற்குக் கட்டக்கின் படைப்புகள் தக்க தொடக்கமாக அமையும்.